மூன்றாவது வரிசையில் சாமி

இப்போதெல்லாம் மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ளக்கூட மனிதர்கள் போனைத்தான் பார்க்கிறார்கள். தலையை வெளியே நீட்டினால் மூக்கில் நாலு சொட்டு விழுந்து சொல்லிவிடும். அதற்குப் பொறுமை இல்லை. போன மாதம் ஒரு லோரிக்காரன், கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கொட்டிய மழையில் இறங்கி வந்து, தாடியில் தண்ணீர் ஒழுக, "இங்க மழ இல்லேன்னுதான் காட்டுது அங்கிள்" என்று போனை நீட்டினான். சன்னாசி அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப தொடச்சுக்காத. நனையலதானே" என்றார்.

சன்னாசிக்கு எழுபத்தொரு வயது. தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு கோழித் தீவன ஃபேக்டரியின் வாசலில் ஒன்பது வருடமாக ஜாகா வேலை, அதாவது காவல். வருகிற லோரிக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், போகிற லோரிக்கும் தூக்க வேண்டும். பனைமரம் மாதிரி உயரம். சட்டை எந்த அளவில் கொடுத்தாலும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, அல்லது அவர் அதை விட்டுவிட்டார். எண்கள் நன்றாகத் தெரியும். சிவப்பு, பச்சை தெரியும். பெயரைக் கோணலாகப் போடத் தெரியும். ஆனால் காகிதம் என்று ஒன்று கைக்கு வந்தால் அதை நெருப்பைப் பார்க்கிற மாதிரி தள்ளி வைத்துத்தான் பார்ப்பார். காகிதம் கொண்டுவந்த எவனும் அவருக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை.

வாசலுக்கு உள்ளே, லோரிகள் ஏறி நின்று எடை போடும் இரும்பு மேடை. அதைத் திம்பாங் என்பார்கள். அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்த அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் கிளாங்கிலிருந்து வருகிற குமுதா. முப்பத்தாறு வயது, நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் முழுதாகப் படாத உயரம். அவள் முதுகுக்குப் பின்னால் மேற்குப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் அவள் திரும்பிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாள். வாசலில் நிற்கிற சன்னாசி தடுப்புக் கட்டையைத் தூக்குவார்.

அந்தத் திரையில் ஒரு லோரிக்கு ஒரு வரிசை. இடது ஓரத்தில் ஒரு வட்டம். பச்சை என்றால் சரக்கைச் சோதித்துவிட்டார்கள், போகலாம். சிவப்பு என்றால் நிறுத்து. சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரியும். ஆனால் சாயங்காலம் நாலரைக்கு மேல் ஜன்னல் வழியாக வெயில் வந்து அந்தத் திரையில் பாலைக் கொட்டின மாதிரி பரவிவிடும். எழுத்து போகும், பச்சை போகும். சிவப்பு மட்டும் எப்படியோ தப்பித்து நிற்கும். குமுதா என்னென்னவோ செய்து பார்த்தாள். காகிதப் பெட்டியின் அட்டையை வெட்டித் திரைக்கு மேல் கூரை போட்டாள். வெயில் மேலிருந்து வந்தால் அல்லவா கூரை உதவும். ஜன்னலில் பழைய கைலியைக் கட்டினாள். வாசல் தெரியவில்லை, அவிழ்த்துவிடு என்றார் மேனேஜர். கடைசியில் கையைத் திரைக்குப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, சாவித் துவாரத்தில் எட்டிப் பார்க்கிறவள் மாதிரி பார்க்கப் பழகிக்கொண்டாள்.

இதில் சாமி வேறு. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், அவள் தலைக்கு மேலே, முனீஸ்வரர் படம். சன்னாசி வேலைக்குச் சேர்ந்த வருடம் அவரே ஆணியடித்து மாட்டியது. வாசல் காக்கிறவனுக்கு வாசல் காக்கிற சாமி. படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு இரவும் பகலும் எரியும். அந்தப் பல்பு திரையில் ஒரு சிவப்புப் பொட்டாக விழும். வட்டங்கள் இருக்கும் அதே இடது ஓரத்தில், அதே அளவில்.

"சாமி இன்னிக்கும் ஆறாவது லோரியில ஏறிக்கிட்டாரு தாத்தா" என்பாள் குமுதா.

"மூணாவது."

"ஆறாவது லா. கண்ணுல பொற விழுந்துருச்சு ஒங்களுக்கு."

"ஒனக்கு எண்ணத் தெரியல. ஒங்க ஸ்கூல்ல ரெண்டுக்கு அப்பறம் அஞ்சா?"

ஒன்றரை வருடமாக இந்தச் சண்டை. இரண்டு பேருக்கும் பொழுது போயிற்று. மற்றவர் சொல்வது தப்பு என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு குமுதா எழுந்தாள். எழக்கூடாது. மாற்றுக்கு ஆள் வராமல் திம்பாங் நாற்காலியை விட்டு எழுந்தால் வேலை போய்விடும் என்று சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறது. மாற்றுக்கு ஆள் என்று ஒருவன் இருந்ததே இல்லை. பெண்களுக்கான கக்கூசு கிடங்குகளைத் தாண்டி ஃபேக்டரியின் அந்தக் கோடியில். அதனால் காலையில் பசியாறும்போதே தேத்தண்ணியைப் பாதியோடு நிறுத்திவிடுவாள். அப்படியும் ஒரு நாளைக்கு ஒரு முறை எழத்தான் வேண்டும். அப்போதெல்லாம் சன்னாசி வந்து நாற்காலியில் உட்காருவார். "பச்ச இருந்தா மட்டும் பட்டன அமுக்குங்க தாத்தா, செவப்பு இருந்தா நான் வர்ற வரைக்கும் நிப்பாட்டி வைங்க." அவ்வளவுதான் பாடம்.

அன்றைக்கு டிரைவர் ராஜனின் லோரி மேடையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசை. சிவப்பு. சன்னாசி பார்த்தார். சாமி, என்று நினைத்தார். பச்சை வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். அமுக்கினார்.

அது சாமி இல்லை. பூஞ்சை பிடித்த சோளம் கலந்த சரக்கு. நிறுத்தச் சொல்லித்தான் சிவப்புப் போட்டிருந்தார்கள். லோரி தஞ்சோங் சிப்பாட் பக்கத்துப் பண்ணை ஒன்றில் இறக்கிவிட்டு வந்தது. மறுநாள் ஒரு கொட்டகை முழுக்கக் கோழிகள் எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை காலையில் குமுதா வாசலுக்கே வந்து சொன்னாள். "நான்தான் சீட்ல இருந்தேன். நான்தான் அமுக்குனேன். வெயில்ல தெரியல. எழுதிக் குடுத்துட்டேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

"நான் செஞ்சத நீ ஏன் சொல்ற?"

"எந்திரிச்சுப் போனேன்னு தெரிஞ்சா என் வேல போயிரும். தப்பா அமுக்குனேன்னா ஒரு வார்னிங் சூராட்டோட, ஒரு கடுதாசியோட போயிரும். ஒங்களுக்காக இல்ல, எனக்காகத்தான்."

அது நியாயமாகத்தான் இருந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாளாக ஆள் இல்லாத நேரம் பார்த்து வாசலில் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்ச் சாலையில் போகிற வண்டிகளின் நம்பரைப் படித்துப் பார்த்தார். வலது கண் சுத்தம். இடது கண்ணில் லேசாகப் புகை. புகை முந்தியே இருந்ததா, செவ்வாய்க்கிழமை வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. கண் போய்விட்டது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அடுத்த மாதம் ஜாகா லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது. அது ஒன்று. இன்னொன்று, யாருக்கும் தெரியாதது, மூக்கில் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஸ்ரீ கெம்பாங்கான் ஹெட் ஓப்பீஸிலிருந்து செந்தூரன் வந்தான். வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி, செவ்வாய்க்கிழமை விஷயத்தை விசாரிக்க. முப்பது வயதிருக்கும், அவனும் நல்ல உயரம். பிரிக்ஃபீல்ட்ஸ் சிலோன்காரர் வீட்டுப் பிள்ளை என்று குமுதா முன்பே சொல்லியிருந்தாள். சிலோன்காரப் பிள்ளைகள் மேசைக்கு அந்தப் பக்கமே பிறக்கிறவர்கள் என்பது சன்னாசியின் முடிவு. வந்தவன் கையில் சின்னக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராகவும் திரைக்கு நேராகவும் நீட்டி ஏதோ எண்களை எழுதினான்.

"என்னா பாக்குற?" என்றார் சன்னாசி, கதவில் சாய்ந்துகொண்டு.

"வெளிச்சம் எவ்வளவுன்னு அளக்கறேன் அங்கிள்."

"கண்ணு கூசுதுன்னு அந்தப் புள்ளதான் சொல்லிருச்சே. அத அளக்க மெஷின் வேணுமா?"

"அவங்க சொன்னா ஓப்பீஸ்ல நம்ப மாட்டாங்க. மெஷின் சொன்னா நம்புவாங்க."

அந்தப் பதில் சன்னாசிக்கு எதிர்பாராததாக இருந்தது. ஒருவன் இவ்வளவு வெளிப்படையாகப் பேசினால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும். அவர் கதவை விட்டு நகரவில்லை.

ஐந்து மணி ஆயிற்று. திரை பால் குடித்தது. செந்தூரன் குமுதாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். முட்டி மேசையில் இடித்தது. லோரி எதுவும் இல்லாத நேரம். வரிசைகள் காலி.

"மூணாவதுல ஒரு ரெட் இருக்கே?" என்றான். திரும்பிப் பார்த்தான். எழுந்து போய்ப் பல்புக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தான். "இப்ப இருக்கா?"

"இல்ல" என்றாள் குமுதா.

கையை எடுத்தான். "சாமியா!" என்று சிரித்தான்.

இதற்காகத்தான் சன்னாசி காத்திருந்தார். காலையிலிருந்தே வாக்கியத்தைத் தீட்டி வைத்திருந்தார். "இந்தா பாரு தம்பி, சாமிய எறக்குனா நானும் அவரோட எறங்கிருவேன். அப்பறம் வாசலுக்கு ஒன் மெஷின நிக்க வச்சுக்க."

"சாமிய யாரு எறக்கச் சொன்னா?" என்றான் அவன். "மேசையத் திருப்பினாப் போதும். ஜன்னல் சைடுல வந்துரும், வெயிலும் விழாது, சாமியும் விழ மாட்டாரு. வாசலும் திரும்பாமலே தெரியும்."

தீட்டிய கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சன்னாசி நின்றார். மேசையைத் திருப்புவது. ஒன்பது வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அதை அங்கே போட்டவன் ஒரு காண்ட்ராக்டர். அவன் போட்ட இடம்தான் மேசையின் இடம் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

"சிஸ், நீங்க ஒக்காருங்க" என்றான் செந்தூரன். "ஒங்களுக்கு சாமி எந்த வரியில தெரியறாரு?"

"ஆறா..." என்று தொடங்கிய குமுதாவின் முகம் மாறியது. "மூணாவது. மூணாவதுதான்."

செந்தூரன் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, தன் தலையை அவள் தலையின் உயரத்துக்கு இறக்கித் திரையைப் பார்த்தான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். மறுபடியும் இறங்கினான். வாளியில் தண்ணீர் மொள்ளுகிறவன் மாதிரி.

"ஒசரமான ஆள் பாத்தா மேல தெரியுது. குள்ளமான ஆளுக்குக் கீழ" என்றான், பாதி தனக்கே சொல்வது போல. "எனக்கு மூணு. ஒங்களுக்கு ஆறு."

அப்படியானால் ஒன்றரை வருடமாக அவளும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். அவருக்கும் கண் போகவில்லை. சன்னாசிக்குள் ஏதோ ஒன்று இளகி இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே அடுத்தது வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை ராஜனின் லோரியும் மூன்றாவது வரிசையில்தான் இருந்தது. மூன்றாவது வரிசையில் சாமியைப் பார்க்கிறவன் இந்த அறையில் எவன்?

செந்தூரன் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகத் தன் நோட்டைப் பார்த்தான். அது சன்னாசிக்குத் தெரிந்தது. குமுதா நகத்தால் மேசை ஓரத்தைச் சுரண்டினாள். வெளியே கிடங்கில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகிற சத்தம் கூவிக்கொண்டே இருந்தது. யாரும் பேசாவிட்டால் இது இப்படியே முடிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். வெயில் கேஸ் போடாது. ஆனால் அவள் பெயரில் ஒரு காகிதம் ஓப்பீஸில் கிடக்கும். தான் செய்ததற்கு இன்னொருத்தி பெயரில் காகிதம்.

"நான்தான் அமுக்குனேன்" என்றார்.

"தாத்தா!"

"நீ சும்மா இரு. அந்தப் புள்ள கக்கூசுக்குப் போயிருந்துச்சு தம்பி. நான் ஒக்காந்தேன். செவப்பு இருந்துச்சு. சாமின்னு நெனச்சேன்."

"ஐயோ, எத்தன தடவ சொன்னேன்" என்றாள் குமுதா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை, கோபத்தில். "ஒங்க மானத்தக் காப்பாத்திக்க என் சோத்துல கைய வச்சிட்டீங்க."

அந்தச் சொல் அவரை அடித்தது. அவர் கண்டுகொள்ளாத மாதிரி செந்தூரனிடமே பேசினார். "இன்னும் ஒண்ணு இருக்கு, அதயும் எழுது. மேடையில லோரி ஏறுனப்பவே மோந்தேன். மழையில கெடந்த கோணி மாதிரி ஒரு வாட. நல்ல சரக்கு அப்படி நாறாது. எந்திரிச்சுப் போயி தார்ப்பாயத் தூக்கிப் பாத்திருக்கணும். பாக்கல. ஏன் பாக்கல? இது இருக்கே." தலையைத் திரைப் பக்கம் வெட்டினார். "இது பாத்துக்கும்னு இருந்துட்டேன். இந்த மூக்க வச்சுத்தான் இத்தன வருசம் பொழச்சேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இந்தத் தெரைய நம்புனேன்."



"வெளிச்சத்த அளந்தியே" என்றார் மறுபடி. "கக்கூசு எம்மாந்தூரம்னு அதயும் அளந்து எழுது. நடந்து போயி பாத்துட்டு வா. மெஷின் வேணாம், காலு போதும்."

செந்தூரன் அவரையே ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையாகவே வெளியே நடந்தான். கிடங்குகளுக்கு நடுவே அவன் வெள்ளைச் சட்டை சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது. அவன் வருகிற வரை குமுதா அவரிடம் பேசவில்லை. ஒரு லோரி வந்தது. அவள் கையைக் குவித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, எடை போட்டு உள்ளே அனுப்பினாள்.

அவன் திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "போய் வர பதினோரு நிமிஷம்" என்றான். "அங்க ஒரு கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல."

"அதுக்குத்தான் நான் பைய மாட்டி வைப்பேன்" என்றாள் குமுதா.

மூன்று பேருமாக மேசையைத் தூக்கித் திருப்பினார்கள். வயர் எட்டவில்லை, சன்னாசி ஜாகா போஸ்டிலிருந்து தன் ரேடியோவுக்கு வைத்திருந்த நீட்டு வயரைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். திரை மறுபடி எரிந்தது. ஜன்னல் இப்போது பக்கவாட்டில். எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி கறுப்பாக நின்றன. பச்சை பச்சையாக இருந்தது. சாமி எங்கும் இல்லை. சுவரில் மட்டும் இருந்தார்.

"தெரியுதா அங்கிள்?"

"தெரியுது. அதுக்கென்ன?"

செந்தூரன் நின்றுகொண்டே ஒரு தாளில் எழுதினான். அரைப் பக்கம். இங்கிலீசில். பேனாவையும் தாளையும் சன்னாசி பக்கம் நகர்த்தினான். "கீழ ஒரு கையெழுத்து."

"என்னா எழுதியிருக்க?"

"சிஸ் படிச்சுக் காட்டட்டும்."

குமுதா தாளை எடுத்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். "மேச போட்ட எடம் தப்பு. வெயில் நேரா விழுது. பல்பு வெளிச்சம் செவப்பு மார்க்கோட கொழம்புது. டாய்லெட் தூரம், மாத்தி விட ஆள் இல்ல. அதனால ரெண்டு பேரும் மாறி மாறிப் பாக்க வேண்டியிருக்கு. தப்பு ஆளு மேல இல்ல, ஏற்பாட்டு மேல." நிறுத்தி மூச்சு விட்டாள். "அவ்வளவுதான்."

சன்னாசி தாளைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தார். படிக்கிறவர்களின் கண் இடமிருந்து வலம் போகும், மறுபடி இடதுக்குக் குதிக்கும். வருகிற டிரைவர்களிடம் அவர் அதைக் கவனித்திருக்கிறார். படிக்கிற மாதிரி பாவனை செய்கிறவனை அதை வைத்துத்தான் பிடிப்பார். குமுதாவின் கண் கடைசி இரண்டு மூன்று பேச்சுக்கு நகரவே இல்லை. தாளின் நடுவில் ஒரே இடத்தில் நின்றது.

"ரெண்டு பேரும்னு போட்டிருக்கா? என் பேரு இருக்கா?"

"இருக்கு லா."

"எங்க?"

அவள் விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். அங்கே ஏதோ இருந்தது. கறுப்பாக, சின்னதாக. அவர் பெயராகவும் இருக்கலாம், கக்கூசாகவும் இருக்கலாம். செந்தூரன் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள் என்று நினைத்தார். அல்லது சேரவில்லை, அதில் உள்ளதுதான் உண்மை. எதுவென்று சொல்ல அவரிடம் கருவி கிடையாது. அந்தத் தாளை மூக்கில் வைத்துப் பார்த்தாலும் மையின் வாடைதான் அடிக்கும்.

பேனாவை வாங்கிப் பெயரைப் போட்டார். 'சன்' வரைக்கும் நேராகப் போயிற்று. பிறகு எழுத்துகள் தாளின் ஓரத்தை நோக்கிச் சரிந்தன.

"இதுக்கப்பறம் என்னா ஆகும்?"

"திங்கக்கெழம தெரியும் அங்கிள்."

"ஒங்க திங்கக்கெழமையெல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

மேடையில் ராஜனின் லோரி வந்து நின்றிருந்தது, சரக்கோடு, வெளியே போக. வெயில் அதன் நீலத் தார்ப்பாயில் சாய்ந்து விழுந்தது. சன்னாசி வாசலுக்குப் போய்த் தடுப்புக் கட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். ஜன்னலில் குமுதா இருந்தாள். இப்போது கழுத்தைத் திருகாமல், கண்ணைச் சுருக்காமல், நேராக அவரைப் பார்க்க முடிந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பச்சை. சந்தேகமே இல்லாத பச்சை.

அவர் கயிற்றை விட்டார். லோரியின் பின்பக்கம் நடந்தார்.

"என்னா பெரியவரே, பச்ச குடுத்தாச்சு லா!" ராஜன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். ஹாரன் அடித்தான். ஜன்னலில் கட்டை விரல் இன்னும் தூக்கியபடியே இருந்தது; அதற்குப் பக்கத்தில் செந்தூரனின் வெள்ளைச் சட்டையும் வந்து நின்றது.

சன்னாசி தார்ப்பாயின் ஒரு முடிச்சைத் தளர்த்தினார். இரண்டு கைகளாலும் அதை விரித்து, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, முகத்தை உள்ளே நுழைத்து மூச்சை இழுத்தார்.